குவாலிஃபையிங் லெப்ப ஃபிரேம் ஃபிரேமா அளக்கிறது எப்படி? அடிக்கடி கேக்குற கேள்விகள்

எஃப் வன் (ஃபோர்முலா வன் கார் ரேஸ்) குவாலிஃபையிங், அதாவது யாரு எந்த இடத்துல இருந்து ரேஸ்ல கிளம்புறதுன்னு முடிவு பண்ற வேக லெப் போட்டி முடிஞ்ச ராத்திரி ஆரம்பிக்கிற சண்டை, ஏப்ரல் சீசன்ல நுவரெலியா ரேஸ் முடிஞ்சோன வர்ற சண்டை, ரெண்டும் ஒண்ணுதான்: "அந்தாளு எந்த பெண்ட்ல டைம விட்டான்?" ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் இருக்க பயலுக திரும்பத் திரும்ப கேக்குறத எல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன். வரிசையாத்தான் படிக்கணும்னு இல்ல, ஆனா ஃபிரேம் (வீடியோல அடுத்தடுத்து வர்ற ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃபிரேம்) கணக்கு இருக்க ரெண்டாவது கேள்விய மட்டும் தாண்டிப் போயிறாதீங்க.

அண்ணே, டிவிலயே டைம் போடுறாங்க, செக்டர் டைமும் போடுறாங்க. அப்புறம் எதுக்கு நாம வேற உக்காந்து அளக்கணும்?

லெப் டைம் யாரு வேகம்னு சொல்லும், எங்க வேகம்னு சொல்லாது. எஃப் வன் ட்ராக்க மூணு செக்டரா பிரிச்சிருக்காங்க, ஒரு செக்டருக்குள்ளயே அஞ்சாறு பெண்ட் வந்துரும். ரெண்டாவது செக்டர்ல 0.15 செகண்ட் போச்சுன்னு ஸ்க்ரீன்ல பாக்குறோம், அது பிரேக் அடிச்ச இடத்துல போச்சா, பெண்டுக்கு நடுவுல போச்சா, வெளிய வரும்போது கேஸ் லேட்டா குடுத்ததுல போச்சான்னு அந்த நம்பர்ல இருந்து கண்டுபிடிக்கவே முடியாது. வீடியோவுக்கு வேலை இருக்கிறது அங்கதான். முழு லெப்ப ஃபிரேம் எண்ணி அளக்கிறவங்களும் இருக்காங்க, அது வீண் வேலை, வண்டில நேரம் அளக்க மாட்டியிருக்க ட்ரான்ஸ்போண்டர் கருவி அத ஆயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் சொல்லிருச்சு, நாம அதுக்கு மேல என்னத்த சொல்லப்போறோம்.

ஒரு ஃபிரேம்னா எவ்வளவு நேரம்? எவ்வளவு நம்பலாம்?

செகண்டுக்கு 25 ஃபிரேம் வீடியோன்னா ஒரு ஃபிரேம் 0.04 செகண்ட். 30ன்னா 0.033, 50ன்னா 0.02, 60ன்னா 0.017 கிட்ட. போன் ஸ்லோ மோஷன்ல 240 எடுத்தீங்கன்னா 0.004.

சின்ன நம்பர் மாதிரி தெரியும், தூரமா மாத்திப் பாத்தாதான் விஷயம் புரியும். 300 கிமீ வேகத்துல போற வண்டி 0.02 செகண்ட்ல 1.67 மீட்டர் போயிருது. அதாவது ரெண்டு ஃபிரேமுக்கு நடுவுல எஃப் வன் வண்டி நீளத்துல மூணுல ஒரு பங்கு கிட்ட எங்கேயும் பதிவாகாம ஓடிருச்சு.

இப்ப 1997 ஹெரெஸ் குவாலிஃபையிங்க எடுங்க. வில்நெவ், ஷூமாக்கர், ஃப்ரென்ட்சன் மூணு பேரும் 1:21.072. அச்சு அசலா ஒரே டைம், முதல்ல ஓட்டினவருக்கு முதல் இடம்னு வில்நெவ்வுக்கு போல் (ரேஸ்ல முதல் ஆளா நின்னு கிளம்புற இடம்) குடுத்தாங்க. 2024 கனடாவுலயும் ரஸ்ஸலும் வெர்ஸ்டாப்பனும் 1:12.000, ரஸ்ஸல் முதல்ல ஓட்டினதால அவருக்குப் போச்சு. இந்த மாதிரி இடத்துல 50 ஃபிரேம் வீடியோவ வச்சுக்கிட்டு "இல்ல, இவன்தான் வேகம்"னு சொல்ல வந்தா சிரிப்பாங்க, ஏன்னா உங்க ஒரு ஃபிரேம்ங்கிறது ஆயிரத்துல 20. ஆனா அதே மூணு லெப்ப பெண்ட் பெண்டா பிரிச்சா ஒருத்தன் இங்க எடுத்து அங்க விட்டிருப்பான், இன்னொருத்தன் அங்க எடுத்து இங்க விட்டிருப்பான், அத பாக்குறதுக்கு வீடியோ போதும்.

பிழைய எப்படி கணக்கு போடுறதுன்னா, ஒரு பெண்ட அளக்க தொடக்கம் ஒண்ணு முடிவு ஒண்ணு, ரெண்டு டிரைவர்னா மொத்தம் நாலு தடவ "இந்த ஃபிரேம்தான்"னு முடிவெடுக்கிறோம். ரொம்ப மோசமான கேஸ்ல வித்தியாசம் ரெண்டு ஃபிரேம் வரைக்கும் தப்பலாம், பெரும்பாலும் ஒரு ஃபிரேமுக்குள்ள நிக்கும். அதனால என் கணக்கு இதுதான்: ஒரு ஃபிரேம் வித்தியாசம்னா சமம்னு எழுதுங்க, ரெண்டுன்னா சந்தேகம்னு எழுதுங்க, மூணோ அதுக்கு மேலயோ வந்தா பேசுங்க.

டேட்டா மிச்சம் பண்ண 360ல தான் பாக்குறேன். பரவாயில்லையா?

பாக்க பரவாயில்ல, அளக்க சரிவராது. யூடியூப்ல 50, 60 ஃபிரேம் வர்றது 720க்கும் அதுக்கு மேலயும்தான், கீழ இறங்கினீங்கன்னா பாதியாகி 25, 30 ஆயிரும். படம் மங்கலா இருக்கிறதுகூட சமாளிக்கலாம், ஃபிரேம் பாதி காணாம போனா ஒண்ணும் பண்ண ஏலாது. லெப் ஒண்ணரை நிமிஷம்தானே, அத மட்டும் 720ல போடுங்க, மிச்ச அலட்டல் எல்லாத்தையும் 144லயே பாருங்க.

கொம்பியூட்டர்ல யூடியூப்ப நிப்பாட்டிட்டு ஃபுல் ஸ்டொப் கீய அமத்தினா ஒரு ஃபிரேம் முன்னுக்கு, கமாவ அமத்தினா ஒரு ஃபிரேம் பின்னுக்குப் போகும். கையில ஃபைல் இருந்தா விஎல்சி ப்ளேயர்ல இங்கிலீஷ் 'E' எழுத்து ஒவ்வொரு ஃபிரேமா முன்னுக்குத் தள்ளும், பின்னுக்கு வராது, அது ஒரு தொல்லை. கொஞ்சம் சீரியஸா பண்றவங்க கினோவியா போட்டுக்கங்க, விண்டோஸ்ல ஓடும், காசு இல்ல, விளையாட்டு வீடியோ அளக்கத்தான் செஞ்சது, ரெண்டு வீடியோவ பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டலாம்.

எங்க இருந்து எங்க வரைக்கும் அளக்கிறது?

பாதி பேர் கோட்டை விடுற இடம் இது. அசையாத, ரெண்டு லெப்லயும் தெளிவா தெரியிற அடையாளம் வேணும். எஃப் வன்ல பெண்டுக்கு 100 மீட்டர் இருக்குன்னு காட்டுற போர்ட், ரோட்டுக்கு குறுக்க போட்ட வெள்ளைக் கோடு, மேல போற பாலம், தார் நிறம் மாறுற இடம், இதெல்லாம் நல்லது. கேர்ப் (பெண்ட் ஓரத்துல இருக்க மேடான கட்டு) ஆரம்பிக்கிற இடம் சுமார்தான், ஏன்னா ஒருத்தன் கேர்ப்ல ஏறுவான் இன்னொருத்தன் ஏறமாட்டான், டயர் தொடுற நொடிய எடுத்தா நீங்க அளக்கிறது லைன் வித்தியாசம், டைம் கிடையாது.

நிழல எடுக்கவே வேணாம். பாலத்து நிழல் ரோட்டுல அழகா கோடு போட்ட மாதிரி விழும், ஆசையா இருக்கும், ஆனா குவாலிஃபையிங் மூணு ரவுண்டா நடக்குது, நடுவுல இடைவேளை வேற, ஒரு மணி நேரத்துல சூரியன் நகந்துரும் நிழலும் நகந்துரும்.

நம்ம ஊர் ஹில் க்ளைம்புன்னா (ஒவ்வொரு வண்டியா மலை ரோட்டுல ஏத்தி டைம் பாக்குற ரேஸ்) மதகு விளிம்பு, கிலோமீட்டர் கல், லைட் போஸ்ட். மஹகஸ்தோட்டையோ ரதல்லையோ, ரோட்டோரமா இதுல ஏதாவது ஒண்ணு கெமராவுல விழாம இருக்காது. தேயிலைச் செடிய அடையாளமா வைக்காதீங்க, எல்லாச் செடியும் ஒரே மாதிரித்தான் இருக்கும், ஒரு மணி நேரம் கழிச்சு எது நம்ம செடின்னு தேடிக்கிட்டு நிப்பீங்க.

வண்டில எந்த இடம்ங்கிறதையும் ஒண்ணா வைங்க. முன் வீல் தரையத் தொடுற புள்ளிதான் எனக்கு பிடிச்சது, மூக்கு நுனி பிரேக் அடிக்கும்போது கீழ குனிஞ்சிரும்.

ஒரு பெண்ட அளந்து காட்டுங்களேன், சும்மா தியரியா சொன்னா மண்டைல ஏறல.

சரி, ஒரு உதாரணக் கணக்கு. ஏத்தத்துல ஒரு ஹெயார்பின், மேல மண் மேட்டுல ஸ்டாண்ட் போட்டு போன வச்சாச்சு, 60 ஃபிரேம், கெமரா அசையல. பெண்டுக்கு முன்னாடி ஒரு மதகு, நடுவுல உள்பக்கம் வெள்ளையடிச்ச கல்லு, வெளிய வந்ததும் ஒரு லைட் போஸ்ட். வெள்ளை வண்டியோட முன் வீல் மதக தாண்டுறது 412ஆவது ஃபிரேம், போஸ்ட தாண்டுறது 655. வித்தியாசம் 243 ஃபிரேம், அத 60ஆல பிரிச்சா 4.05 செகண்ட். அடுத்து சிவப்பு வண்டி, 1180ல இருந்து 1414, அதாவது 234 ஃபிரேம், 3.90 செகண்ட். சிவப்பு ஒன்பது ஃபிரேம் முன்னுக்கு, 0.15 செகண்ட். மூணு ஃபிரேம் சட்டத்த தாராளமா தாண்டிருச்சு.

இத்தோட விட்டீங்கன்னா டிவி செக்டர் டைம் மாதிரித்தான். நடுவுல இருக்க வெள்ளைக் கல்லுல பிரிச்சுப் பாருங்க. மதகுல இருந்து கல்லு வரைக்கும் வெள்ளை 118, சிவப்பு 119. சமம். சொல்லப்போனா வெள்ளை ஒரு ஃபிரேம் முந்தி, ஆனா ஒரு ஃபிரேம கணக்குல எடுக்க மாட்டோம்னு மேலயே சொல்லியாச்சு. கல்லுல இருந்து போஸ்ட் வரைக்கும் வெள்ளை 125, சிவப்பு 115. ஆக போன டைம் அத்தனையும் வெளிய வரும்போது போச்சு.

இப்பத்தான் வீடியோவ வீடியோவா பாக்கணும். கல்லு தாண்டின அடுத்த இருபது முப்பது ஃபிரேம மெதுவா தள்ளுங்க: வெள்ளை வண்டியோட பின்பக்கம் வெளிய நழுவுது, முன் வீல் எதிர்ப்பக்கம் திரும்புது, டிரைவர் சரி பண்றாரு, அதுவரைக்கும் முழு கேஸ் குடுக்க முடியல. சிவப்பு வண்டி கல்லுகிட்ட வரும்போதே நேராகி நிக்குது. மேட்டுல நின்னு பாத்த அத்தனை பேருக்கும் வெள்ளைதான் வேகமா போன மாதிரி இருந்திருக்கும், வழுக்கிக்கிட்டு போனா நம்ம கண்ணுக்கு வேகமாத்தான் தெரியும், ஃபிரேம் அதுக்கெல்லாம் மயங்காது.

கோட்ட தாண்டுறது ரெண்டு ஃபிரேமுக்கு நடுவுல விழுந்தா?

எப்பவும் அப்படித்தான் விழும். முதல் ஃபிரேம்ல வீல் கோட்டுக்கு 1.2 மீட்டர் முன்னாடி, அடுத்த ஃபிரேம்ல 0.4 மீட்டர் தாண்டி இருக்குன்னா, மொத்தம் 1.6 மீட்டர்ல 1.2ல கோடு, அதாவது முக்கால் ஃபிரேம். 50 ஃபிரேம் வீடியோல 0.015 செகண்ட கூட்டிக்கங்க. தூரத்த எதை வச்சு அளக்கிறதுன்னா வண்டியையே வைங்க, முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடு தூரம் எந்த மாடலுக்கும் தேடினா கிடைக்கும், எஃப் வன்ல 2025 வரைக்கும் அதிகபட்சம் 3.6 மீட்டர், 2026ல இருந்து 3.4. ஆனா கெமரா சரிஞ்சு பாக்குதுன்னா தூரத்துல இருக்கது சின்னதா தெரியும், அப்ப இந்த வித்தைய விட்டுட்டு முழு ஃபிரேமோட நிப்பாட்டுறதுதான் நேர்மை.

ரெண்டு ஒன்போர்ட் வீடியோவ (வண்டிலயே மாட்டின கெமராவுல எடுத்தது) பக்கத்துல பக்கத்துல ஓட விட்டா போதாதா? யூடியூப்ல எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க.

பாக்க ஜோரா இருக்கும், ஆனா ஏமாத்தும். லெப் ஆரம்பத்துல ரெண்டையும் சேத்து விட்டா நாலாவது பெண்ட்ல ஒருத்தன் முந்திப் போயிருப்பான், அங்க இருந்து அவன் எல்லா இடத்துலயும் முன்னாடியேதான் தெரிவான், "பாரு எல்லா பெண்ட்லயும் இவன்தான்"னு தோணும். உண்மையில நாலாவதுல எடுத்தத வச்சு ஓட்டிக்கிட்டு அஞ்சாவதுல கொஞ்சம் விட்டுக்கூட இருப்பான். அதனால ஒவ்வொரு பெண்டுக்கு முன்னாடியும் மறுபடி சேத்து வச்சு விடணும்.

ஸ்ட்ரெயிட்ல போற டைம் ஸ்ட்ரெயிட்ல போனதில்லைங்கிறதையும் சேத்து யோசிங்க. பெண்ட விட்டு ஒருத்தன் 100ல வர்றான் இன்னொருத்தன் 104ல வர்றான், 200 மீட்டர் அப்படியே போறாங்கன்னு வச்சா 7.20 செகண்டும் 6.92 செகண்டும், கால் செகண்டுக்கு மேல. நிஜத்துல ரெண்டு பேரும் கேஸ் அமத்திக்கிட்டே போறதால இடைவெளி இதவிட குறையும், ஆனா திசை அதேதான். பெண்ட்ல ஒரு ஃபிரேம் வித்தியாசமும் தெரியாம இருந்து ஸ்ட்ரெயிட் முடிவுல அஞ்சு ஃபிரேம் தெரிஞ்சா, பழி பெண்ட் எக்ஸிட்டுக்குத்தான். இஞ்சின் வித்தியாசமா இருக்கலாமேன்னு கேப்பீங்க, இருக்கலாம், அதான் ஒரே டீம் ரெண்டு பேர ஒப்பிடுறது லேசு.

கெமரா மாட்டின இடமும் முக்கியம். எஃப் வன்ல டிரைவர் தலைக்கு மேல இருக்க கெமரா எல்லா வண்டிலயும் கிட்டத்தட்ட ஒரே இடம். நம்ம ஊர்ல ஒருத்தர் டேஷ்போர்ட்ல போன ஒட்டியிருப்பாரு, இன்னொருத்தர் முன் பம்பர்ல அக்‌ஷன் கெமரா மாட்டியிருப்பாரு. ஒரு மீட்டர் முன்பின் இருந்தா 72 கிமீ வேகத்துல 0.05 செகண்ட் தள்ளிக் காட்டும், 144ல 0.025 தள்ளும். அதனால தொடக்கத்துலயும் முடிவுலயும் வண்டி வேகம் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்க மாதிரி ரெண்டு அடையாளத்த எடுத்தா தள்ளுறது ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிரும்.

என் போன்ல எடுத்த வீடியோல ஃபிரேம் எண்ணினா டைம் சரியா வரல. ஏன்?

போன் 60ன்னு சொல்லும், 60 எடுக்காது. வெளிச்சம் குறைஞ்சா தன்னால ஃபிரேம குறைச்சுக்கும், நுவரெலியால மத்தியானம் மிஸ்ட் இறங்கினா அதான் நடக்குது, பாதி வீடியோ 60, பாதி 40ன்னு கலந்து கிடக்கும். ஃபிரேம எண்ணி 60ஆல பிரிச்சா எப்படி சரி வரும்? மீடியா இன்ஃபோன்னு ஒரு சின்ன ஆப், அதுல ஃபைல திறந்தா ஃபிரேம் ரேட் மாறிக்கிட்டே இருக்கா நிலையா இருக்கான்னு காட்டும். மாறுதுன்னா எண்ணாதீங்க, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஃபைலுக்குள்ள பதிவான நேரத்த எடுத்துக் கழிங்க. எடுக்கும்போதே கெமரா செட்டிங்ல ஆட்டோ எஃப்பிஎஸ்ஸ (ஃபிரேம தன்னால மாத்துறது) ஓஃப் பண்ணிட்டா பாதித் தலைவலி இல்ல.

இன்னொண்ணு, வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பினத வாங்கி அளக்காதீங்க, அது அமுக்கிச் சுருக்கி அனுப்பும். டொக்கியுமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, எடுத்தபடியே வரும்.

சத்தத்த வச்சு கண்டுபிடிக்க ஏலுமா?

ஏலும், சில விஷயத்துல படத்தவிட நல்லாவே. படம் செகண்டுக்கு 50 தடவ, சத்தம் 48000 தடவ பதிவாகுது. டிரைவர் எங்க கேஸ விட்டான், எங்க கியர் மாத்தினான்னு ஒன்போர்ட் சத்தத்துல துல்லியமா கிடைக்கும். ஒடாசிட்டிங்கிற சத்தம் எடிட் பண்ற சொஃப்ட்வெயார்ல போட்டு ஸ்பெக்ட்ரோகிராம் (சத்தத்தோட படம்) பாத்தா இஞ்சின் சத்தம் கோடா ஏறி இறங்குறது தெரியும். நாலு சிலிண்டர் வண்டி 6000 ஆர்பிஎம்ல 200 ஹெர்ட்ஸ் கிட்ட அடிக்கும், எஃப் வன் வி6 12000ல 600 ஹெர்ட்ஸ். ஒரே கியர்னா ஆர்பிஎம் வித்தியாசம் அப்படியே வேக வித்தியாசம்.

ரோட்டோரம் நின்னு எடுத்த வீடியோல மட்டும் கவனம். சத்தம் செகண்டுக்கு 340 மீட்டர்தான் வரும், வண்டி 34 மீட்டர் தள்ளி இருந்தா 0.1 செகண்ட் லேட்டு. மலைல எதிரொலி வேற.

எஃப் வன்னுக்கு டெலிமெட்ரியே (வண்டில இருந்து நேரா வர்ற டேட்டா) கிடைக்குதாமே, ஃபாஸ்ட் எஃப் வன்னு ஒண்ணு?

ஆமா, பைத்தான் தெரிஞ்சவங்களுக்கு அது ஒரு சுரங்கம், 2018ல இருந்து வேகம், கேஸ், பிரேக், கியர் எல்லாம் எடுக்கலாம். ஆனா அந்த டேட்டா செகண்டுக்கு நாலு தடவ அளவுலதான் வருது, நடுவுல இருக்கத கணக்குப் போட்டு நிரப்புறாங்க. ஸ்ட்ரெயிட்ல யாரு எவ்வளவு வேகம்னு பாக்க அருமை. "பத்து மீட்டர் லேட்டா பிரேக் அடிச்சான்"னு அத வச்சு சொன்னா எனக்கு நம்பிக்கை வராது, 300 கிமீல கால் செகண்டுக்கு வண்டி 20 மீட்டர் போயிருது. பிரேக் இடத்துக்கு ஒன்போர்ட் வீடியோவும் சத்தமும்தான் நல்லது. ரெண்டையும் சேத்துப் பாருங்க, ஒண்ணு சொல்றத மத்தது மறுத்தா ரெண்டையும் சந்தேகப்படுங்க.

ரெண்டு லெப்ப ஒப்பிடுறது நியாயமான்னு எப்படி தெரியும்?

ஒரே செஷன், ஒரே டயர், கிட்டத்தட்ட ஒரே நேரம். மூணும் இருந்தா நியாயம். ஓட ஓட ரப்பர் படிஞ்சு ட்ராக் வேகமாகும், முன்னாடி போற வண்டி காத்த உடைச்சுக் குடுத்தா ஸ்ட்ரெயிட்ல லாபம் பெண்ட்ல நட்டம், பெற்றோல் பத்து கிலோ கூட இருந்தா 0.3 செகண்ட் மாதிரி போயிரும். ஹில் க்ளைம்ல இது இன்னும் மோசம், ஒவ்வொருத்தரா ஏறுறாங்க, முதல் ஆள் போகும்போது ரோடு காஞ்சிருக்கும், இருபதாவது ஆள் போகும்போது மழை தூறும். மதகுகிட்ட ரோடு ஈரமா காய்ஞ்சதான்னு ரெண்டு வீடியோலயும் நிறத்தப் பாருங்க, அதுலயே பாதி சண்டை தீந்துரும்.

கடலோரத்துல இருக்க கட்டுக்குருந்த ட்ராக் லெப்பயும் நுவரெலியா லெப்பயும் வச்சு ஒரே வண்டிய எடை போடுறாங்க சில பேர். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், காத்தோட அடர்த்தி கடலோரத்தவிட ஆறுல ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத இஞ்சின் அந்தளவு மூச்சு வாங்கும். எஃப் வன்னுக்கு மெக்ஸிகோ சிட்டி 2200 மீட்டர்ல இருக்க அதே கதை, பெரிய விங் (வண்டிய ரோட்டோட அமுக்கிற இறக்கை) மாட்டியும் ஸ்ட்ரெயிட்ல பறப்பாங்க, பெண்ட்ல பிடி இருக்காது.

அப்ப கடைசியா யாரு கெட்டிக்காரன்னு சொல்லலாமா?

ஒரே மாதிரி வண்டி ஓட்டுற ரெண்டு பேர்னா கொஞ்சம் சொல்லலாம். 1988 மொனாக்கோல சென்னா 1:23.998, அதே மெக்லாரன்ல ப்ரோஸ்ட் 1:25.425. 1.4 செகண்டுக்கு ஃபிரேம் எண்ணத் தேவையில்ல. வேற வேற வண்டின்னா வீடியோ வண்டியையும் டிரைவரையும் சேத்துத்தான் காட்டும், பிரிச்சுக் காட்டாது.

எங்க நின்னு எடுக்கலாம்? பெண்டுக்கு வெளிப்பக்கம்தான் நல்லா தெரியுது.

நல்லா தெரியும், நிக்காதீங்க. 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ரேஸ்ல வண்டி ட்ராக்க விட்டு சனத்துக்குள்ள பாஞ்சு 7 பேர் செத்தாங்க. வண்டி வழுக்கினா பெரும்பாலும் போறது வெளிப்பக்கம்தான். உள்பக்கம், ரோட்டவிட உயரமா, தடுப்புக்குப் பின்னால, தூரமா. தூரமா நின்னு ஜூம் பண்றது அளக்கிறதுக்கும் நல்லது, பக்கத்துல நின்னு போன திருப்பித் திருப்பி எடுத்தா அடையாளம் நகரும், கோணம் மாறும். ஸ்டாண்ட் இல்லன்னா போன மண் மூட்டை மேல வச்சுட்டு கைய எடுத்துருங்க.

லெப்டொப் இல்ல, போன் மட்டும்தான். முடியுமா?

முடியும். யூடியூப் ஆப்ல ஃபிரேம் தள்ள ஏலாது, அதனால நீங்களோ கூட்டாளியோ எடுத்த ஃபைல்தான் சரி. வீடியோ எடிட் பண்ற ஆப் ஏதாவது ஒண்ணுல போட்டு டைம்லைன நல்லா விரிச்சா ஃபிரேம் ஃபிரேமா நகத்தலாம். ஆப்ல ப்ரொஜெக்ட் ஃபிரேம் ரேட் 30ன்னு கிடந்தா உங்க 60 ஃபிரேம் வீடியோல பாதிய அது தூக்கிப் போட்டுரும், முதல்ல அத மாத்துங்க. நம்பர எல்லாம் கொப்பில எழுதுங்க, மதகு எத்தனை, கல்லு எத்தனை, போஸ்ட் எத்தனைன்னு மூணு நிரல் போட்டா போதும். ஒவ்வொண்ணையும் இன்னொரு ஆள விட்டு உங்க நம்பர காட்டாம எண்ணச் சொல்லுங்க, ரெண்டு பேர் நம்பரும் ஒரு ஃபிரேமுக்கு மேல விலகினா அந்த அடையாளம் சரியில்ல, வேற ஒண்ண தேடுங்க.